தூக்குவாளிச் சோறு

எங்க சபைக் கோயிலில் பீடத்துக்குப் பின்னால் இருக்கிற சுவரில் மூணு வார்த்தை எழுதியிருக்கும். விசுவாசம், நம்பிக்கை, அன்பு. பவுல் கொரிந்து சபைக்கு எழுதின முதல் நிருபத்தில், பதிமூணாம் அதிகாரத்தில் வருகிற வார்த்தைகள். எழுதினவர் எங்க தெருவில் வெள்ளையடிக்கிற வேலை பார்த்தவர். அளவெடுக்காமல் தொடங்கிட்டார். விசுவாசம் நல்லா அகலமா விழுந்துச்சு. கடைசியில் அன்புக்கு இடம் பத்தாமல் ஓரத்தில் நெருக்கி எழுதி முடிச்சார். பள்ளிக்கூடம் போறதுக்கு முந்தியே நான் எழுத்துக்கூட்டிப் படிச்சது அந்த மூணு வார்த்தையைத்தான்.

பிறகு எம்.ஏ. தமிழ் படிச்சேன். ஒரு சொல் எங்கே எப்படிப் புழங்குது என்று பார்க்கிற பழக்கம் வந்தது. இந்த மூணு சொல்லுக்கும் அகராதியில் இருக்கிற பொருளும் எங்க தெருவில் இருக்கிற பொருளும் ஒண்ணில்லை. கிறித்தவத் தலித்துக்கு இது ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்க விசயம் இல்லை. தாசில்தார் ஆபீசிலும், ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்பிலும், சோத்துப் பானையிலும் இருக்கிற விசயம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்க ஊர் கம்பம் பள்ளத்தாக்கில், முல்லைப் பெரியாறு பாயுற பக்கம். ஊர் பேர் வேண்டாம். நீங்க இந்தப் பக்கம் எந்த ஊரை நினைச்சாலும் பொருந்தும்.

*

விசுவாசம் என்கிற வார்த்தையை எங்க அப்பத்தா முதலில் கேட்டது வேதத்தில் இல்லை. பண்ணை வீட்டு வாசலில். "இவ விசுவாசமான பொம்பள" என்று முதலாளி சொல்வாராம். வாசலில் கட்டிக் கிடந்த நாய்க்கும் அதே வார்த்தைதான். எதிர்த்துப் பேசாத, கூலியை உசத்திக் கேட்காத, கொடுத்ததை வாங்கி மடியில் கட்டிக்கிட்டுப் போகிற ஆளுக்கு அந்தப் பட்டம்.

அப்பத்தா எப்படி வேதத்தில் சேர்ந்தது என்று நான் பல தடவை கேட்டிருக்கேன். பாவம், இரட்சிப்பு, பரலோகம் எதையும் அது சொன்னதில்லை. இப்படித்தான் சொல்லும்:

"உபதேசியாரு வந்தாரு. நம்ம திண்ணையில ஒக்காந்தாரு. தண்ணி குடு தாயின்னாரு. நான் எப்படிக் குடுக்குறதுன்னு தெகச்சு நின்னேன். அவரே நம்ம சொம்ப எடுத்து மொண்டு குடிச்சாரு. அண்ணாந்து குடிக்கல. ஒதடு வச்சுக் குடிச்சாரு. அன்னைக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டேன்."

அதுவரைக்கும் விசுவாசம் என்பது நாங்க ஆண்டைக்குக் காட்டுறது. அன்றைக்குத்தான் வெளியாள் ஒருத்தர் எங்களை நம்பித் தண்ணி குடித்தார். அப்பத்தாவின் மதமாற்றம் அவ்வளவுதான். அரிசிக்கும் பால்பவுடருக்கும் மாறினவர்கள் என்று எங்களைப் பேசுகிறவர்கள் இதைத் தெரிஞ்சுக்கணும். ஒரு சொம்புத் தண்ணிக்கு மாறினோம். அதையும் வாங்கிக் குடிக்க இல்லை, கொடுக்கிறதுக்காக.

அந்தத் தண்ணிக்கு அரசாங்கம் விலை வைத்திருந்தது. 1950 ஆகஸ்டு 10இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதி ஆக மாட்டார் என்றது. 1956இல் திருத்திச் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990இல் திருத்திப் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவத் தலித்தும் முஸ்லிம் தலித்தும் வெளியிலேயே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் நாங்க பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறோம். எத்தனை தலைமுறைக்கு முந்தி மாறியிருந்தாலும் அங்கேதான். கல்வி உதவித்தொகை மாதிரி சிலதில் மாநில அரசு எங்களையும் சேர்த்துக்கொள்வது உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஆனால் பட்டியல் சாதிக்குரிய 18 விழுக்காட்டில் எங்களுக்குப் பங்கில்லை. தனித்தொகுதியில் நிற்க முடியாது. 1989ஆம் வருசத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எங்களுக்குக் காவல் இல்லை.

அடிக்கிறவன் கையில் பைபிள் இருக்கா என்று பார்த்தா அடிக்கிறான்? 1989இல் போடிக் கலவரம் நடந்தப்ப எங்க தெருச் சனம் பல ராத்திரி தூங்காமல் காவல் இருந்ததை அம்மா சொல்லும். சிலுவை தொங்குற வீடு, காளி படம் தொங்குற வீடு என்று பயம் பிரிச்சுப் பார்க்கலை. சட்டம் மட்டும்தான் பிரிச்சுப் பார்க்குது.

சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த சூசை என்கிற தொழிலாளி இதைத்தான் உச்ச நீதிமன்றத்தில் கேட்டார். செருப்புத் தொழிலாளிகளுக்குக் கொடுத்த பெட்டிக்கடை, கிறித்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. மதம் மாறின பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என 1985இல் தீர்ப்பு வந்தது. அதே ஊசி, அதே தோல், அதே ரோட்டோரம். இன்னும் என்னத்தை நிரூபிக்கிறது?

எனக்கு ரொம்ப நெருங்கின ஒருத்தர் இருக்கார். பேரும் எழுத மாட்டேன், என்ன உறவு என்றும் எழுத மாட்டேன். எழுதினால் வேலை போயிரும். அவருக்கு இரண்டு பேர். பள்ளிக்கூடத்தில் ஒண்ணு, ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒண்ணு. கிறிஸ்துமஸ் ராத்திரியில் மட்டும் கோயிலுக்கு வருவார். கடைசியில், வெளிச்சம் படாத இடத்தில், துண்டைத் தலையில் போட்டுக்கிட்டு நிற்பார். நற்கருணைக்கு முன்னால் வர மாட்டார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டு நின்ற பேதுரு ஞாபகம் வரும். பேதுரு உயிருக்குப் பயந்து மூணு தடவை மறுதலிச்சான். இவர் சம்பளத்துக்காகத் தினமும் மறுதலிக்க வேண்டியிருக்கு. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், கிறித்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மேல் செய்கிற மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதிலிருந்து அந்த ஆள் கிறிஸ்துமசுக்கும் வருவதில்லை.

சபையில் சிலர் அவரை விசுவாசம் இல்லாதவன் என்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரலை. சாமியா சோறா, ரெண்டில் ஒண்ணைச் சொல்லு என்று மேல்சாதிக் கிறித்தவனை எந்த ஆபீசும் கேட்டதில்லையே.

*

இரண்டாவது வார்த்தை நம்பிக்கை. இதில் ஒரு மொழிச் சிக்கல் இருக்கு. நாங்க படித்த பழைய வேதாகமத்தில் விசுவாசம் வேறே, நம்பிக்கை வேறே. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் முதல் சொல்லை நம்பிக்கை என்று ஆக்கிவிட்டு, இரண்டாவதற்கு எதிர்நோக்கு என்று போட்டார்கள். எதிர்நோக்கு என்றால் எதிரே நிமிர்ந்து பார்க்கிறது. தலையைக் குனிந்தே பழகின சனத்துக்கு இது நல்ல வார்த்தைதான் என்று எனக்குத் தோணும்.

எங்க அம்மாவுக்கு எதிரே பார்க்கிறது என்றால் ஜீப்பு. காலையில் நாலு மணிக்கு எந்திரிச்சுச் சோறாக்கி, தூக்குவாளியில் போட்டுக்கிட்டு, விடியறதுக்குள்ள ரோட்டுக்கு வந்து நிற்கணும். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று சட்டம் சொல்லுதோ அதைப் போல இரண்டு மடங்கு ஏறுவாக. மடியில் ஒருத்தி, காலடியில் ஒருத்தி. கம்பம்மெட்டு வழியாவோ குமுளி வழியாவோ மலை ஏறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் களை எடுத்து, காய் எடுத்து, பொழுது சாயக் கீழே இறங்குவாக. வளைவில் ஜீப்பு உருண்டு செத்தவுக எங்க தெருவிலும் உண்டு. மறுநாள் காலையில் அதே ரோட்டில் அதே கூட்டம் நிற்கும்.

ஒரு விசயத்தை யோசிச்சுப் பாருங்க. பெரியாறு அணை 1895இல் கட்டி முடிஞ்சது. மலையிலிருந்து தண்ணி இறங்கி வந்து இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையுமா ஆச்சு. தண்ணி மலையை விட்டுக் கீழே இறங்குது. எங்க சனம் கூலிக்காகக் கீழே இருந்து மலைக்கு ஏறுது. ஏனென்றால் அந்தத் தண்ணி பாயுற நிலத்தில் எங்களுக்குன்னு ஒரு சென்ட் இல்லை. 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை பெரிசாகி எல்லையை அடைச்சப்ப, தண்ணிக்காக எல்லாரும் ரோட்டுக்கு வந்தாக. நாங்களும் போனோம். ஆனால் மலையில் மாட்டிக்கிட்டு, அடிக்குப் பயந்து காட்டு வழியா நடந்து வந்த தோட்டத் தொழிலாளிகளைப் பற்றி மேடையில் பேசினவுக கொஞ்சம். அந்த நாளில் ஜீப்பு இல்லை, கூலி இல்லை. அம்மா நாலு மணிக்கு எந்திரிக்கிறதை மட்டும் நிறுத்தலை. எந்திரிச்சு அடுப்படியில் உட்கார்ந்து ஜெபம் பண்ணும். "எதுக்கும்மா, ஜீப்புதான் வராதே" என்றேன்.

"வராதுன்னு படுத்துட்டா, வார அன்னைக்கும் படுத்துக் கெடப்போம்" என்றது.

இது இறையியல் கல்லூரியில் படித்ததில்லை. ஆனால் நம்பிக்கைக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கலை. அம்பேத்கர் 1956இல் நாக்பூரில் பௌத்தம் தழுவினார். அவரோடு மாறின சனத்துக்கு ஆணையைத் திருத்த 1990 வரைக்கும், 34 வருசம் ஆச்சு. அவர்கள் படுத்துவிடவில்லை. எங்களுக்கு 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சாதகமாக அறிக்கை கொடுத்தது. பட்டியல் சாதி என்பதை மதத்தோடு முடிச்சுப் போடாதே என்றது. அறிக்கை கிடப்பில் போனது. 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் எங்களைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஒவ்வொரு ஆகஸ்டு 10ஆம் தேதியும் கறுப்பு நாளாகக் கறுப்புக் கொடி பிடிக்கிறோம். கொடி பிடிக்கிறது அரசியல், ஜெபம் பண்ணுறது ஆவிக்குரியது என்று பிரிச்சுச் சொல்கிற போதகர்களிடம் நான் சொல்கிறது இதுதான்: எங்கம்மா நாலு மணிக்கு எந்திரிச்சது இதில் எந்தக் கணக்கு?

*

இனி மூணாவது வார்த்தை. இதை எழுதத்தான் கை கூசுது.

எங்க தெருவில் யாரும் அன்பு என்று சொல்வதில்லை. பிரியம் என்போம், பாசம் என்போம். அன்பு கோயிலுக்குள் மட்டும் பேசுற வார்த்தை. வருசத்துக்கு ஒரு தடவை அது சோறாக வரும். அன்பின் விருந்து. சபை முழுக்க வரி போட்டு, அரிசி கொடுத்து, அண்டாவில் ஆக்கி, வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள்.

மேல்சாதிக் கிறித்தவர்களைப் பற்றி எழுதுவது சுலபம். டவுன் கோயிலில் ஒரு காலத்தில் பாத்திரம் ஒண்ணு, வரிசை ரெண்டு என்று அம்மா சொல்லும். திராட்சை ரசம் அவர்களைத் தாண்டித்தான் எங்களிடம் வரும். அந்தத் திராட்சைக்கும் ஒரு கதை உண்டு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் இந்தப் பழத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தார் என்று சொல்வார்கள். பாதிரியார் கொண்டு வந்த பழத்துக்கு இன்றைக்கு மூக்கில் துணி கட்டி மருந்தடிக்கிற கை எங்க கை. பீடத்துக்கு வந்ததும் எங்க வாய் பின்னாடி நிக்கணும். 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டதில் கலவரமாகி, துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்களுக்குள்தான் இதெல்லாம்.

இதையெல்லாம் மேடையில் நான் பேசியிருக்கேன். கைதட்டும் வாங்கியிருக்கேன். பேசாமல் விட்டது எங்க தெருவை.

நாங்க பறையர். எங்க சபையில் அருந்ததியர் வீடுகள் கொஞ்சம் பின்னால் வந்து சேர்ந்தன. ஞானஸ்நானம் கொடுத்தோம். பாட்டுப் புஸ்தகம் கொடுத்தோம். அன்பின் விருந்துக்கு அவுக தட்டை அவுகளே வீட்டிலிருந்து கொண்டு வருவாக. கடைசிப் பந்தியில் உட்காருவாக. அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொன்னதில்லை. செய்யாதே என்றும் யாரும் சொன்னதில்லை. உபதேசியார் ஒதடு வச்சுத் தண்ணி குடிச்சதுக்காக மதம் மாறின எங்க அப்பத்தா, சாகிற வரைக்கும் அந்த வீட்டுத் தண்ணியை வாயில் வைக்கலை. இதை எழுதாமல் அதன் விசுவாசத்தை மட்டும் எழுதினால் நான் பொய் சொன்னதாகும்.

எட்டாம் வகுப்பு லீவில் நானும் அம்மாவோடு ஜீப்பில் ஏறித் தோட்டத்துக்குப் போனேன். மழை. இடுப்பில் படுதாவைக் கட்டிக்கிட்டு நிரை பிடிச்சு நிற்கிறாக. கால் முழுக்க அட்டை. மத்தியானம் மரத்தடியில் உட்கார்ந்ததும் எல்லாத் தூக்குவாளியையும் நடுவில் வைத்தாக. யார் வீட்டுக் குழம்பு, யார் வீட்டுச் சோறு என்று இல்லை. எங்க சபையில் கடைசிப் பந்தியில் உட்காருகிற அந்த அக்கா, தன் வாளியில் சோத்தைப் பிசைஞ்சு உருட்டி எங்கம்மா கையில் வைத்தது. அம்மா வாங்கித் தின்றது. எனக்கும் ஒரு உருண்டை வந்தது. கருவாட்டுக் குழம்பு. நான் அம்மா காதில் கேட்டேன்: "எம்மா, அப்பத்தாவுக்குத் தெரிஞ்சா?"

"மலையில அப்பத்தா எங்குட்டு வந்துச்சு? அட்டைதான் இருக்கு. தின்னு."

மலையில் தின்றது அம்மா. ஆனால் கீழே இறங்கினதும் அந்த அக்கா எங்க வாசலுக்கு வந்தால் தனி டம்ளரில்தான் தண்ணி கொடுத்தது. தண்ணி மாதிரி அன்பு மலையிலிருந்து தானாக இறங்கி வரவில்லை.

மதுரைப் பக்கத்துக்கு 1834இல் வந்த அமெரிக்க மிஷன், 1847இல் ஒரு முடிவெடுத்தது. சாதியை விடாதவனுக்குச் சபையில் இடமில்லை. விட்டுவிட்டான் என்பதற்கு அடையாளம், எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவது. ஞானஸ்நானத்துக்கு வந்தவர்கள், வேதம் போதித்த உபதேசிமார்கூட, சோத்துக்கு உட்கார மாட்டேன் என்று எழுந்து போனார்கள். தண்ணியில் முழுகுவது சுலபம். சேர்ந்து சாப்பிடுவது கஷ்டம். அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியாபிலஸ் அப்பாவு, எங்களுக்கெல்லாம் பரட்டை அண்ணன், இதைத்தான் வேறே விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தலித் வீட்டில் பிறந்தவர். நாட்டுப்புற மெட்டில் பாட்டுக் கட்டிப் பறையைக் கோயிலுக்குள் கொண்டு வந்தவர். 2005இல் செத்துப்போனார். அவருடைய இறையியலை ஒரே வார்த்தையில் சொல்லலாம்: ஒரே உலை. உலை பிரிஞ்சால் குடும்பம் பிரிஞ்சது என்று நம்ம சனம் சொல்லும். அப்படியானால் கடவுளின் குடும்பம் என்று சொல்கிறவர்களுக்கு எத்தனை உலை?

அந்தக் கேள்வி எங்க சபைக்குள் வந்தது எங்கம்மா வாயில். சில வருசத்துக்கு முந்தி, அன்பின் விருந்துக்கு ஆக்குறது யார் என்று பேச்சு நடந்தது. அந்த அக்காவையும் ஆக்கச் சொல்லலாம் என்று நான்தான் எழுந்து சொன்னேன். படிச்ச திமிரு என்று ஒருத்தர் சொன்னார். ஐயர் தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தார். அப்போது பொம்பளைகள் பக்கமிருந்து அம்மா எந்திரிச்சது. சபைக் கூட்டத்தில் அது அதுவரைக்கும் வாயைத் திறந்ததில்லை.

"மலையில இத்தன வருசமா அவ சோத்தத் தின்னுதான் நான் சீவிச்சு வாறேன். நான் மட்டுமில்ல. இங்க ஒக்காந்திருக்க அம்புட்டுப் பொம்பளையும் தின்னுருக்காளுக. இல்லன்னு வேதத்து மேல கைய வச்சுச் சொல்லுங்கடி பாப்போம்."

யாரும் கையை வைக்கலை.

அந்த வருசம் அந்த அக்காதான் அண்டா முன்னால் கரண்டி பிடித்தது. பாதிச் சனம் சாப்பிடாமல் போயிருச்சு. அதில் என் சொந்த மாமாவும் ஒருத்தர். மீந்த சோத்தைப் பார்த்து அம்மா அழுதது. அந்த அக்கா அழலை. கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, "அடுத்த வருசம் அரிசியக் கொறச்சுப் போடுவோம்" என்றது.

குறைச்சுப் போட வேண்டியிருக்கலை. ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் கொஞ்சமா வந்து உட்கார்ந்தாக. இன்றைக்கும் நாலு வீடு சாப்பிடாமல் போகுது. பொய் சொல்ல விரும்பலை.

*

இந்த வருசம் என் மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கணும். மனுவில் மதம் என்கிற இடத்தில் கிறித்தவம் என்றுதான் எழுதியிருக்கேன். இது வீரம் இல்லை. மகளுக்கு நஷ்டம் என்று தெரிஞ்சே எழுதினேன். அவள் பெரியவளாகி, ஏம்மா இப்படிச் செஞ்சே என்று கேட்டால் சொல்ல என்னிடம் நல்ல பதில் இல்லை. வெளிச்சம் படாத இடத்தில் நிற்கிற அந்த ஆளைவிட நான் ஒசத்தி என்றும் நினைக்கலை. அவரும் முகத்தைக் காட்டிப் பந்தியில் உட்காருகிற வரைக்கும், மூன்றாம் பத்தியை நீக்கு என்று கத்திக்கிட்டுத்தான் இருப்பேன்.

மதம் எல்லாமே ஏமாத்து என்று சொல்கிற தோழர்களே, நீங்க சொல்கிறதில் பாதி நிஜம். அடக்கமா இரு, பரலோகத்தில் பார்த்துக்கலாம் என்கிற போதகர்களே, நீங்க சொல்கிறதில் பாதிகூட நிஜம் இல்லை. இரண்டு பேரையும் ஒரு இடத்துக்குக் கூப்பிடுகிறேன். எங்க சபையில் அன்பின் விருந்துக்கு முந்தின நாள் சாயங்காலமே வெங்காயம் உரிக்க உட்கார்ந்துடுவோம். அதுக்கு வாங்க. அருவாமனையும் கத்தியும் நாங்க தருகிறோம்.

மறுநாள் சாப்பிட்டுட்டுப் போகலாம். தட்டு யாரும் கொண்டு வர வேண்டாம்.